சத்தத்தைப் பண்ணிக் காட்டுங்க, சார்

போன வாரம் சதீஷிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேற்குத் தாம்பரம் பைக் சர்வீஸ் சென்டரில் இப்போது அவன்தான் டெஸ்ட் ரைடர். பதிவைத் திறந்தால் ‘கிர்ர்ர்’ என்று ஏதோ ஒரு வண்டி. கூடவே சதீஷின் குரல்: “அண்ணா, இது இன்னா சத்தம்னு கொஞ்சம் சொல்லுண்ணா. கஸ்டமரு ஆப்புல ஏத்தி அனுப்பிகிறாரு.”

அந்தப் பதிவில் வண்டியைவிட ஷேர் ஆட்டோ ஹாரனும், பின்னால் யாரோ டீக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்வதும்தான் தெளிவாகக் கேட்டன. “கஸ்டமர நேர்ல வரச்சொல்லி வாயால பண்ணிக் காட்டச் சொல்லுடா” என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். அது விளையாட்டு இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையை நீட்ட வேண்டியதில்லை. பம்மலில் பிறந்தவன். ஐ.டி.ஐ. முடித்து, வாட்டர் வாஷ் அடிக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு ஸ்பேனர் பிடித்து, கடைசியில் டெஸ்ட் ரைடர் ஆனேன். சர்வீஸ் முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது கொடுக்கக் கூடாது என்று சொல்வது என் வேலை. அடுத்தவன் பெட்ரோலில் அடுத்தவன் வண்டியில் ஊர் சுற்றுகிற உத்தியோகம் என்று என் மச்சான் கிண்டல் செய்வான். பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்று முதலில் தெரிந்துகொள்கிற பாக்கியமும் எனக்குத்தான் என்பதை அவன் யோசித்ததில்லை.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் கிரிஜா மேடம். ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டு ஸ்பேர்ஸ் கவுன்டரில் பில் போட வந்தவர், அந்த இடத்துக்கு உயர்ந்திருந்தார். காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கம்ப்ரஷர் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கிறவரை காத்திருந்துவிட்டுப் பேசுவார். அவர் காத்திருப்பதைப் பார்த்ததும் யாராவது ஓடிப்போய் கம்ப்ரஷரை நிறுத்துவோம்.

அவருடைய முறை இதுதான். கஸ்டமர் “ஏதோ சத்தம் வருதுங்க” என்று சொன்னால் மேடம் வண்டியை ஒரு முறை சுற்றி நடப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, “சத்தத்தைப் பண்ணிக் காட்டுங்க, சார்” என்பார்.

கஸ்டமர் அக்கம்பக்கம் பார்ப்பார். போலீஸ் எஸ்.ஐ. ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, ‘டொக்கு டொக்கு’ என்று செய்து காட்டினார். ஒரு டியூஷன் டீச்சர் வெட்கப்பட்டுக்கொண்டே தன் ஸ்கூட்டர் போல ‘கீச், கீச்’ என்றார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மேடம் மட்டும் சிரிக்கவே மாட்டார். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்கிற டாக்டர் மாதிரி கேட்பார். ஒரு முறை செய்தால் போதாது. “நிக்கிறப்போ எப்படி? ஓடுறப்போ எப்படி? கிளட்ச்சைப் பிடிச்சா எப்படி?” என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. எஞ்சினில் வருகிற சத்தம் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஏறும். சக்கரத்தில் வருகிற சத்தம் வண்டியின் வேகத்தோடு ஏறும், கிளட்ச்சைப் பிடித்தாலும் போகாது. மனிதர்களுக்கு விவரம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வாய் சரியாகச் செய்துவிடும். பிறகு நான் வண்டியை எடுத்துப் போய், திரும்பி வந்து, எனக்குக் கேட்ட சத்தத்தை மேடத்திடம் வாயால் செய்து காட்ட வேண்டும். கஸ்டமர் செய்ததும் நான் செய்ததும் ஒத்துப் போனால்தான் வண்டி லிஃப்டில் ஏறும். முதல் முறை வருகிறவர்கள் இது சர்வீஸ் சென்டர்தானா என்று வெளியே போய் போர்டைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அவர் எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “சத்தம் இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, இருக்குன்னுதான் அர்த்தம் கஜா. எங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை. இல்லன்னு மட்டும் சொல்லிடாத.”

இனி தேவசகாயம் சாரின் வண்டிக்கு வருகிறேன்.

நீல நிறம். முன்பக்கம் காற்றைக் கிழிக்கிற கவசம், அதன் மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு, நீண்ட சீட், இரண்டு பக்கமும் பை மாட்டக் கொக்கி. ஸ்போர்ட்ஸ் டூரர் என்பார்கள். ரேஸ் வண்டி மாதிரி சீறவும் வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு கழன்று போகக் கூடாது. அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த வண்டி. எங்கள் ஷெட்டில் ஆபீஸ் போய் வருகிற வண்டிகளுக்கு நடுவே அது வந்து நின்றால் கை தானாகத் துணியைத் தேடும். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

தேவசகாயம் சார் வங்கி அதிகாரி. சேலையூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் வீட்டுப் போர்டிகோவில் பைக் நிற்கும்; கார் தெருவில் வேப்ப மரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நிற்கும். டயரில் காற்று பார்ப்பதென்றால் வெயில் ஏறுவதற்கு முன், டயர் சூடாகாமல் இருக்கும்போதுதான் பார்ப்பார். மழையில் ஓட்டி வந்தால் தலையைத் துவட்டுவதற்கு முன் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவார். செயின் கழுவுவதற்குப் பழைய டூத் பிரஷ்தான் வசதி. அதனால் தங்கள் வீட்டில் எந்த பிரஷ்ஷும் பழசாகிறவரை இருந்ததே இல்லை என்று அவர் மனைவி மேடத்திடம் புகார் சொல்லியிருக்கிறார். முடிச்சூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறிய அந்த மழையில், மற்றவர்கள் டி.வி.யையும் மெத்தையையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்க, இவர் நாலு பேரைப் பிடித்து வண்டியைத் தூக்கி சர்ச் வராந்தாவில் ஏற்றி நிறுத்தினார். பாஸ்டர் ஐயா ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். “அவர்தான் பின் சக்கரத்தைப் பிடிச்சாரு” என்றார்.

வருடத்துக்கு ஒரு முறை, ஊரே சர்ச்சில் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு, திருநெல்வேலிக்கும் தெற்கே இருக்கிற தன் ஊருக்கு அந்த வண்டியில்தான் போவார். மனைவி ரயிலில் போய்விடுவார். திரும்பி வந்ததும் சர்வீஸுக்கு விட வருவார். “திண்டிவனம் தாண்டினதும் அஞ்சாவது கியர்ல பாடிட்டே வந்துச்சு கஜா” என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும். என் வேலையில் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். வேலை முடிந்தும் திரும்பி வர மனசில்லாமல், வெளிவட்டச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியது அந்த வண்டியில் மட்டும்தான். பத்து வயது தாண்டிய வண்டி. கையை லேசாக முறுக்கினால், கேட்டுக்கொண்டே காத்திருந்தது போலப் பாயும்.

ஒரு வருடம் அசனத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வந்தார். முகம் சரியில்லை.

“கஜா, ஒரு சத்தம் வருது. ரொம்ப மெல்லிசா. ஆனா விடாம வருது.”

மேடம் வந்தார், சுற்றி நடந்தார், கேட்டார். தேவசகாயம் சாருக்கு வெட்கமெல்லாம் இல்லை. பாடகர் ஆயிற்றே. கண்ணை மூடி, உதட்டை ஒட்டவைத்து, ‘ஈ’ என்று கம்பி இழுத்த மாதிரி ஒரு சத்தம் செய்தார். எங்கள் ஷெட்டில் அதுவரை யாரும் செய்யாத சத்தம் அது.

நான் எடுத்துக்கொண்டு போனேன். படப்பை வரை போய் வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மேடத்திடம் போய் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். சக்கர பேரிங்கைக் கழற்றிப் பார்த்தோம், புதிதாக மாற்றினோம். கண்ணாடித் தடுப்பின் திருகுகளை இறுக்கினோம். அடுத்த வாரமே திரும்பி வந்தார். “அப்படியேதான் இருக்கு.” செயினும் பல்சக்கரமும் மாற்றினோம். மறுபடி படப்பை. மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாம் முறை வந்தபோது அவர் கோபப்படவில்லை. மெதுவாக, “உங்க காதுக்குக் கேக்கலையா கஜா?” என்று கேட்டார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. டெஸ்ட் ரைடருக்குக் காதும் கையும்தான் சோறு போடுகின்றன. அன்றைக்கு வீட்டில் அடுத்த அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு குக்கர் விசிலை எண்ணினேன். “இன்னாய்யா ஆச்சு உனுக்கு, குக்கருக்குக் காவலா?” என்றாள் என் வீட்டுக்காரி. எல்லா விசிலும் கேட்டது. கேட்டும் நிம்மதி இல்லை. இவ்வளவு வருடம் அந்த வண்டியைப் பார்த்தவர் சும்மா சொல்ல மாட்டார். ஓடுகிற வண்டியில் எங்கேயோ ஏதோ உடையப் போகிறது, அதை என்னால் பிடிக்க முடியவில்லை, இந்த மனுஷன் அதில் ஏறி அவ்வளவு தூரம் போகப் போகிறார். இதுதான் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

“மேடம், செம பேஜாராக் கீது. எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்று மறுநாள் தேவசகாயம் சார் வந்திருந்தபோதே சொல்லிவிட்டேன்.

மேடம் தேவசகாயம் சாரைப் பார்த்து, “இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க சார்” என்றார். செய்தார். “நாற்பதுல போறப்போ?” அதே சத்தம். “எண்பதுல?” அதே. “கிளட்ச்சைப் பிடிச்சு உருள விட்டா?” அதே ‘ஈ’, இம்மிகூட ஏறாமல் இறங்காமல். வேறு யாராவது செய்திருந்தால் வாய் பிசகியது என்று விட்டிருக்கலாம். இவர் சுருதி பிசகாதவர். எஞ்சினோடும் ஏறவில்லை, சக்கரத்தோடும் ஏறவில்லை. அப்படியொரு சத்தம் எந்த வண்டியிலும் கிடையாது.

மேடம் கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “வண்டியை எஞ்சின் ரூமுக்குத் தள்ளிட்டு வா கஜா” என்றார். எஞ்சினைப் பிரித்து வேலை செய்வதற்கென்று பின்னால் தூசி புகாத அறை ஒன்று உண்டு. எஞ்சினைப் பிரிக்கப் போகிறோமா என்று பதறிக்கொண்டே தள்ளினேன். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும். மேடம் கதவைச் சாத்தினார்.

“ஸ்டார்ட் பண்ணு.” செய்தேன். “வருதா சார்?”

“வருது மேடம்.”

“கொஞ்சம் முறுக்கு.” முறுக்கினேன். “இப்போ?”

“வருது.”

மேடம் என்னைத் தாண்டிக் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் என் மூச்சே எனக்குக் கேட்டது. அவர் வழக்கத்தைவிட இன்னும் மெதுவாகக் கேட்டார்.

“இப்போ சார்?”

தேவசகாயம் சார் வண்டியின் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். “இருக்கு. நல்லாவே…” என்று நிமிர்ந்தவர், மேடத்தின் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “அப்போ வண்டில இல்ல” என்றார்.

“வண்டி நல்லா இருக்கு சார். சத்தமும் இருக்கு. நீங்க சொன்னது சரிதான். ஆனா அதுக்கான ஸ்பேர் எங்ககிட்ட இல்ல. ஒரு காது டாக்டரைப் பாருங்க” என்றார் மேடம்.

“ரெண்டு மாசமா சர்ச்சுல ஆர்கன்தான் சரியில்லன்னு, வாசிக்கிறவரைத் திட்டிட்டு இருக்கேன்” என்றார் தேவசகாயம் சார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் காது நன்றாக இருக்கிறது என்ற நிம்மதிதான் எனக்கு வந்தது. அடுத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடம் அந்த அறைக் கதவைச் சாத்தியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே ஷெட் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இந்த வேலையில் எவ்வளவோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்ததை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நரம்பு தேய்ந்திருக்கிறது, அந்த ‘ஈ’ காதே போடுகிற சத்தம் என்று சொன்னாராம். வயசும் ஒரு காரணம், ஹெல்மெட்டுக்குள் அத்தனை வருடம் அறைந்த காற்றும் ஒரு காரணம். காதில் மெஷின் வைத்தார்கள். பாடகர் குழுவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் போய் நின்று பாடினார். வண்டியை மட்டும் விடவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் அசனத்துக்கு அதில்தான் போனார். ஆனால் வந்து பாட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை. “ஓட்டுறேன் கஜா. ஆனா எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது” என்றார்.

பிறகு ஒரு நாள் இரும்புலியூர் பக்கம், பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. மெஷினில் எல்லா இரைச்சலும் ஒன்றாகக் கலந்துதான் விழுமாம். லாரிக்காரர் புண்ணியவான், ஒடித்துத் திருப்பிவிட்டார். தேவசகாயம் சார் அங்கேயிருந்து நேராக எங்கள் ஷெட்டுக்குத்தான் வந்தார். உட்காராமலே சொன்னார்: “வித்துடலாம் மேடம்.”

“வீட்டிலயே வெச்சுக்கலாமே சார்” என்றேன் நான்.

“நிறுத்தி வெச்சுத் துடைக்கிறதுக்கு அது ஷோகேஸ் பொம்மை இல்ல கஜா. ஓடணும். ஆனா கண்டவங்க கைக்குப் போகக் கூடாது.”

எங்கள் ஷெட்டிலேயே வைத்து விற்றுக்கொள்ள மேடம் சம்மதித்தார். பழைய வண்டி விற்கிறவர்கள் செய்கிற ஒரு தந்திரம் உண்டு. வாங்குகிறவர் வருவதற்கு முன் ஒரு ரவுண்டு ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிவிடுவார்கள். ஆறிய எஞ்சினில் தெரிகிற குறை சூட்டில் அடங்கிவிடும். இங்கே அதற்கு வேலையே இல்லை. ஆனால் வந்தவர்கள் ஒருவரும் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தர் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார். இன்னொருத்தர் முன் கவசத்தைக் கழற்றிவிட்டு, தெருவே எழுந்திருக்கிற மாதிரி சைலன்சர் மாட்டப் போவதாக ஆசையாகச் சொன்னார். தேவசகாயம் சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் வந்தவர் நித்யா. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி, தோளில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் நித்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா புறங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்திருக்கும்.

பேரம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. முடிந்த பிறகு நித்யா கேட்டார்: “சார், எந்த சத்தம் வந்தா நான் பயப்படணும்?”

தேவசகாயம் சார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். காதில் இருந்த மெஷினை விரலால் தொட்டார். அந்த வண்டியைப் பற்றி ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கம்ப்ரஷர் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் காத்திருந்தார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

“கெட்ட சத்தம் எவ்வளவோ இருக்கும்மா. எல்லாத்தையும் சொல்லி முடியாது” என்றார் மேடம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தேவசகாயம் சாரின் பக்கம் திரும்பினார். “நல்லா இருக்கிறப்போ எப்படி இருக்கும்? அந்தச் சத்தத்தைப் பண்ணிக் காட்டுங்க, சார்.”

அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டு நான் கேட்டதில்லை.

தேவசகாயம் சார் கண்ணை மூடினார். முதலில் வண்டி நிற்கிறபோது வருகிற சத்தம், நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு துடிப்பு. பிறகு முதல் கியர். கிளட்ச் விடுகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம், அது அந்த வண்டிக்கே உள்ளது. இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனார். சர்வீஸுக்கு விட வந்தவர்கள், ஸ்பேனர் பிடித்தவர்கள், ஒருத்தர் வாயிலும் சிரிப்பு இல்லை. ஐந்தாவது கியர் போட்டு, திண்டிவனம் தாண்டி, நிதானமாக ஒரே சுருதியில் பாடிக்கொண்டு போனார். மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்தினார்.

நித்யா ஸ்டார்ட் செய்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“அப்படியே இருக்காம்மா?” என்று கேட்டார் தேவசகாயம் சார்.

“அப்படியே இருக்கு சார்.”

அவர் தலையை ஆட்டினார். டேங்க்கின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்து நின்றார். நித்யா கேட்டைத் தாண்டி முடிச்சூர் ரோட்டில் இறங்கினார். நான் தேவசகாயம் சாரின் பக்கத்தில் போய் நின்றேன். நீல நிறம் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

“போயிடுச்சா கஜா?”

“இல்ல சார், கேக்குது” என்றேன். “ரெண்டாவது போட்டாங்க.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது. சிக்னல்ல நிக்கிறாங்க போல, இறங்குது. ம், இப்ப ஏறுது. மறுபடி ரெண்டு. மூணு. பதமாத்தான் போடுறாங்க சார்.”

“நாலு?”

“நாலு போட்டாச்சு.”

அதற்கப்புறம் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஐந்தாவது கியரையும் போட்டுவிட்டேன்.